டார்லீன் வாயை மூடும் இடம்

ஹூஸ்டனில் தொண்டை டாக்டர் மகாதேவனின் அறை. ஜன்னல் பிளைண்ட்ஸ் வழியே காலை வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி பாட்டுப் பாடகி டார்லீன் மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. புது ஆல்பத்துக்குப் பாட்டுப் பொறுக்க வேண்டிய வாரங்களும் அவைதான். தொண்டையைக் காட்ட வந்த இடத்திலும் அவள் மடியில் டேப் ரெக்கார்டர். பாட்டெழுதுகிறவர்கள் பாடி அனுப்பிய கேசட் சுழல, அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் கூடவே பாடுகின்றன. உதடு தானாக நின்றுபோனால் கேசட் குப்பைக்கூடைக்குப் போகிறது. அவளே எழுதிய பாட்டும் அதில் கிடக்கிறது. “ஏன்னா, பாடாமலே எப்படி சூஸ் பண்றா?” என்று வாசலில் நின்று கிசுகிசுக்கிறாள், ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரின் மனைவி விசாலாக்ஷி. “ஷ், பேசாம பாரு” என்கிறார் மகாதேவன். அடுத்த பாட்டு உச்சத்துக்கு ஏறுகிறது. இது தொண்டைக்கு ஆகாது என்று மகாதேவன் பதறிக் கையை ஆட்டுகிறார். டார்லீன் மருந்துச் சீட்டில் எழுதிக் காட்டுகிறாள்: ‘பாட்டை விடமாட்டேன். அந்த ஒரு இடத்தில் பாடமாட்டேன்.’ டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போடுகிறாள். உச்சம் வரும்போது வாயை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் மெல்ல நிமிர்த்துகிறாள். டேப்பில் யாரோ வீறிட்டுக்கொண்டிருக்கிறார்கள். விசாலாக்ஷி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: “அந்த டேப்பை ஆஃப் பண்ணுங்கோன்னா. அவ பாடறது கேக்கமாட்டேங்கறது.”