இஸ்திரி போட்ட சட்டை

யாரும் கேட்பதற்கு முன்பே அஸ்மா சொல்லிவிட்டாள்.

"அவரு எதையும் குடிக்கல சிஸ்டர்."

கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் நர்ஸ் அம்சவள்ளிக்குக் காது விடைத்துக்கொள்ளும். பாகூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். 'குடிக்கல' என்று தூக்கி வரப்பட்டவர்களில் பாதிப் பேர் எதையாவது குடித்தவர்கள்தான்.

கட்டிலில் கிடந்தது அஸ்மாவின் கணவர் ஷரீப். கரையாம்புத்தூரில் வீட்டோடு சேர்ந்த கடை. பின்கட்டில் பினாயில் கலக்கி, பாட்டிலில் ஊற்றி விற்பவர். மேலெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் 'ம்' என்பதோடு சரி.

டியூப் வழியாக எடுத்த மூத்திரம் பச்சையும் கறுப்புமாக இருந்தது.

டாக்டர் சுகன்யா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "பினாயில்ல சேர்க்குற பீனால்தான், அமிலம் மாதிரி. வாந்தி எடுக்க வெச்சுடாதீங்க சிஸ்டர், தொண்டை இன்னொரு வாட்டி வெந்துடும்."

எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. வாய்தான் பொருந்தவில்லை.

அம்சவள்ளி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கு, அண்ணம், உதடு எல்லாம் நல்ல சிவப்பு. பீனால் பட்ட இடம் வெந்து வெளுத்திருக்க வேண்டுமே. இந்த மனுஷன் என்ன, புனல் வைத்தா இறக்கிக்கொண்டார்?

சட்டையும் உறுத்தியது. பினாயில் கலக்குகிறவர் மேல் மடிப்புக் கலையாத இஸ்திரிச் சட்டை. சுருண்டு விழுந்தவருக்கு அவசர அவசரமாக யார் இதை மாட்டிவிட்டது, எதற்கு?

கிளவுஸ் மாட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றி, ஆளைப் புரட்டினாள்.

தோளிலிருந்து இடுப்பு வரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தொட்டாள். அவர் அசையவில்லை.

டாக்டர் போனை அப்படியே வைத்தார். "பீனால் கேனைத் தோள்ல தூக்கியிருக்காரு. மூடி கசிஞ்சிருக்கு. மொதல்ல சுருக்குன்னும், அப்புறம் மரத்துடும், ஆளுக்கே தெரியாது. தோல் வழியாவே ரத்தத்துக்குப் போயிடும். ஹோஸ் போடுங்க. கொஞ்சமா தண்ணி பட்டா இன்னும் உள்ள இறங்கும்."

சோப்பும் தண்ணீருமாக அடித்த அடியில் வார்டே மிதந்தது. கடைசியில் ஷரீப் பல் கிட்டித்து, "குளுருது" என்றார். அம்சவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் நாற்றம் போகவில்லை.

துடைத்தாயிற்று, ஜன்னல் திறந்தாயிற்று. அப்படியும் வீச்சம் மூக்கைத் துளைத்தது. அம்சவள்ளிக்கா பொறுக்கும்? முகர்ந்துகொண்டே நடந்தாள். கட்டிலில் இல்லை. குப்பை வாளியில் இல்லை. சுவரோரம் போகப் போகத்தான் நாற்றம் கூடியது.

அங்கே அஸ்மா நின்றிருந்தாள். இரண்டு கையும் பர்தாவுக்குள், வயிற்றோடு.

"இன்னாம்மா உள்ள வெச்சிருக்க?"

அஸ்மா கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்சவள்ளியே பர்தாவை விலக்கினாள்.

ஷரீப் காலையில் போட்டிருந்த சட்டை. ஈரமாக, சுருட்டி, வயிற்றோடு அழுத்தியிருந்தாள். உருவி எடுத்தால் அஸ்மாவின் விரல்களெல்லாம் வெளுப்பு. வயிற்றுப் பக்கம் சுடிதாரும் நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அங்கேயும் வெள்ளை.

"வலிக்கலையா உனக்கு?"

"இல்லியே." அஸ்மாவின் பார்வை கட்டிலை விட்டு நகரவில்லை. "நேத்து சண்டையில 'எங்கனா போய்ச் சாவு'ன்னுட்டேன் சிஸ்டர். இன்னிக்கு சாப்பிடக் கூப்பிடப் போனா விழுந்து கெடக்குறாரு, சட்டையெல்லாம் அந்த நாத்தம். ஊரு பேசுமேன்னுதான் வேற சட்டைய மாட்டிட்டு இத மறைச்சேன்."

அம்சவள்ளி அவளைத் தரதரவென்று இழுத்துப்போய், துணியோடு ஹோஸுக்கு அடியில் நிறுத்தினாள்.

கொட்டுகிற தண்ணீருக்குள்ளிருந்து அஸ்மா கேட்டாள்.

"அப்ப, நெசமாவே அவரு குடிக்கலியா சிஸ்டர்?"