இரண்டும் எரிகிற வாசல்

ரத்தினவேல் வீட்டு வாசலில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. பச்சை அவனுக்கு, மஞ்சள் மனைவி ரஞ்சிதாவுக்கு. ஓசூர் கம்பெனிகளில் ஆளுக்கொரு ஷிப்ட். வீட்டுக்கு வருகிறவர் தன் பட்டனை அழுத்தினால் தன் விளக்கு எரியும், மற்றது அணையும். விரலை எடுத்தாலும் அப்படியே நிற்கும். நார் கேட் என்கிற எலக்ட்ரானிக் சிப்பை வைத்து ரஞ்சிதா செய்த ஃபிளிப்-ஃப்ளாப் அது, கடைசியாக அழுத்திய பட்டனை ஞாபகம் வைத்திருக்கும் சர்க்யூட். இரண்டும் சேர்ந்து எரியாது. இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த நாட்களும் குறைவு.

அவள் இறந்த பிறகு பச்சை மட்டுமே எரிந்தது. ஒன்பதாம் மாதம் அந்தச் சிப்பைப் பிடுங்கிவிட்டு நாண்ட் கேட் சிப்பைச் செருகினான். இரண்டும் எரிந்தன. அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

ஞாயிறு மதியம், கூட வேலை பார்க்கும் முனிராஜ் வந்தான்.

"தப்பான கேட்டைப் போட்டிருக்கியேடா! இதுக்கு ஞாபகமே நிக்காது. ஒருத்தர் பட்டனை அழுத்திட்டிருக்கிற வரைக்கும் இன்னொருத்தர் லைட்டு அணைஞ்சிருக்கும், விரலை எடுத்தா மறுபடி எரியும், அவ்ளோதான். சரியான சிப்பு கொண்டாந்திருக்கேன்."

"ரெண்டே முக்கால் ஆவட்டும் மச்சி. அவ பஸ்சு வர்ற நேரம்."

"ஞாயித்துக்கிழமை கம்பெனி பஸ் ஏதுடா?"

"அவ ஓவர்டைமை விடமாட்டா."

இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டன்களின் அருகில் யாரும் இல்லை. இரண்டே முக்காலுக்குப் பச்சை விளக்கு மட்டும் அணைந்தது. ஒரு விரல் அழுத்தி எடுக்கும் நேரம் கழித்து மறுபடி எரிந்தது.

முனிராஜ் சிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ரத்தினவேல் உள்ளே போய் டீக்குப் பால் வைத்தான், மூன்று பேருக்கு.