நான்கு மணிச் சிவப்பு வரி

"அந்தப் பொய் எச்சரிக்கையை இன்னைக்காவது நிறுத்திடும்மா. ஆறு மாசமா புகார்ப் பட்டியல்ல தூங்குது" என்றார் மேலாளர்.

"சரி சார்" என்றாள் அவள். குரலில் சுரத்தே இல்லை.

அலுவலகத்தின் கணினி நிரலில் யார், எப்போது, எதை மாற்றினாலும் குறித்துவைக்கும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது. மூன்றாம் மாடிக் கணினிகளில் மட்டும் அது 'கோப்புகள் தொலைந்தன' என்று சிவப்பு வரியில் பொய் சொல்லும். உடனே அங்கிருந்து நிரல் எழுதும் ஒருவன் போன் செய்வான். தினமும் நாலு மணிக்கு.

"மேடம், எல்லாம் போச்சு!"

"ஒண்ணும் போகல. கண்ணை மூடிப் பத்து எண்ணிட்டுப் பாருங்க, தானா மறைஞ்சிடும்."

இருவரும் சேர்ந்தே எண்ணுவார்கள். ஜன்னலில் மேகம் நகரும். முகம் பார்த்திராத அந்தக் குரல் ஏழில் மெதுவாகும், எட்டில் இன்னும் மெதுவாகும். பத்து வரவே கூடாது என்றிருக்கும் அவளுக்கு. அதனால்தான் இத்தனை நாள் அந்தப் பிழையில் கைவைக்கவில்லை.

இனித் தள்ளிப்போட முடியாது. பெருமூச்சோடு கருவியின் நிரலைத் திறந்தாள்.

அந்தச் சிவப்பு வரி யாரிடமும் சொல்லாமல் ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பே!

நிறுத்தியது யார் என்று கருவியின் பதிவில் பார்த்தாள். தினமும் 'எல்லாம் போச்சு' என்று பதறும் அதே மூன்றாம் மாடிக்காரன்.

மணி நாலு. போன் அடித்தது.

"மேடம், மறுபடியும் அந்தச் சிவப்பு வரி..."

"அப்படியா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்களை மூடினாள். "சரி, இன்னைக்கு நூறு வரைக்கும் எண்ணலாம்."