குற்றாலம் போய்வந்த கதை

அந்த அடுக்ககத்தில் ஆண்டுக்கு ஒரு தம்பதிக்குத்தான், குலுக்கல் முறையில், பயண அனுமதி. போய்வந்தவர்கள் மொட்டைமாடியில் எல்லோருக்கும் பயணத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு மனம் நிறையாவிட்டால், சொன்னவர்கள் பெயர் அடுத்த குலுக்கலிலேயே கிடையாது.

குற்றாலம் போய்வந்த தணிகாசலம் எழுந்தார். “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“அருவியில குளிச்சீங்களா இல்லையா?” என்று கூட்டம் கொதித்தது.

“குளிச்சோம்.”

பெயர் போய்விடுமோ என்று பதறிய மனைவி பூரணி, “நான் சொல்றேன்” என்று ஆரம்பித்தாள்.

அவள் சொல்லத் தொடங்கி நான்காம் நாள் மாலையிலும் கதையில் ரயில் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. தணிகாசலம் அவள் பக்கம் குனிந்தார். “சுருக்கமா முடி பூரணி, ஜனங்க எழுந்து போயிடப்போறாங்க” என்று கிசுகிசுத்தார்.

“சும்மா இருங்க சார்!” என்றது கூட்டம். “எதிர் சீட்டு அம்மா புளியோதரைப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை!”