தூங்க மறுக்கிறவள்

"இவளுக்கு நல்ல அழுத்தமா ஒரு தூக்க மாத்திரை எழுதிக் குடுங்க மேடம். இவ தூங்கினாத்தான் நான் தூங்க முடியும்" என்றான் பரசுராமன்.

டாக்டர் அகல்யா எதிரே உட்கார்ந்திருந்த கலையரசியைப் பார்த்தார். கண்களைச் சுற்றிக் கருவளையம். உட்கார்ந்தபடியே அவள் தலை முன்னால் சரிந்தது, சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

பரசுராமன் அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்கும் உடம்பெல்லாம் அசதி. ஆரணியில் ஒரு அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன். காலையில் எழுந்தால் தலை பாரமாய் வலிக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண் சொக்குகிறது. இந்த வாரம் கண்ணமங்கலத்தைத் தாண்டும்போது லாரி ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் உரசி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாம் இவளால் வந்தது என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?" டாக்டர் கேட்டார்.

"ஒரு வருசமா மேடம். ராத்திரியெல்லாம் பக்கத்துல குந்திகினு முழிச்சிகினே இருக்கா. நான் நல்லா தூங்கிகினு இருக்கறப்ப தோளப் புடிச்சி உலுக்கறா. இன்னாடின்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, படுங்க'ன்றா. ஒரே பேஜாரா இருக்கு மேடம்."

கண் விழிக்கும்போதெல்லாம் அவள் முகம் தன் முகத்துக்கு நேராகக் குனிந்திருப்பதை அவன் சொல்லவில்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, தேவிகாபுரத்துக்குக் கூட்டிப்போய் மந்திரிக்க வைத்ததையும் சொல்லவில்லை.

"நீங்க இன்னா வேலை பாக்கறீங்கம்மா?" டாக்டர் கலையரசியிடம் கேட்டார்.

"பட்டுத்தறி நெய்யறேங்க. இப்ப தறியிலயே கண்ணு மூடிக்குது. ஜரிகை இழை தப்பிப்போயி ஒரு முழுச் சேலையும் வீணாப்போச்சு. இனிமே வேல கெடையாதுன்னுட்டாங்க."

"பொழுது போனப்புறம் டீ, காபி குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"படுத்துகினு செல்போன் பாக்கற பழக்கம்?"

"அதெல்லாம் எங்கிட்ட இல்லீங்க."

"மனசுல ஏதாவது கவலை?"

கலையரசி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பரசுராமனுக்குப் பொறுக்கவில்லை. "நானே கடையில கேட்டு மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன் மேடம். வாயில போட்டுகினு, பின்னால போயித் துப்பிட்டு வர்றா. கண்ணால பாத்தேன்." கோபமாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது. கோபப்படக்கூட அவனிடம் தெம்பு இல்லை. "ரெண்டு பேருக்கும் வேல போச்சு. இவ இப்படியே இருந்தா எங்க போயி நிக்கறதுன்னு தெரியல."

டாக்டர் மேஜையில் முன்பக்கமாகச் சாய்ந்தார். "டாக்டரைக் கேக்காம கடையில மாத்திரை வாங்கறது தப்பு. அது இருக்கட்டும். ஏம்மா துப்பினீங்க? போட்டாலும் தூக்கம் வராதுன்னா?"

"வந்துடும்னுதாங்க துப்பினேன்."

பரசுராமன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"தூக்கம் எனக்கு நல்லாவே வருதுங்க டாக்டரம்மா. நான்தான் தூங்கறதில்ல." அவள் புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறைத்து மறைத்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. "இவரு பயந்துடுவாருன்னுதான் சொல்லல. இவரு அண்ணன் தூக்கத்துலயே உசுரு போனவருங்க. இவருக்கும் கொறட்டை விட்டுகினு இருக்கறப்பவே மூச்சு நின்னுபோவுது. உலுக்கினாத்தான் திரும்ப இழுக்கறாரு. நானும் தூங்கிட்டா யாருங்க உலுக்கறது?"

டாக்டர் அகல்யா எழுந்து வந்து கலையரசியின் தோளைத் தொட்டார்.

"இதுக்கு வைத்தியம் இருக்கும்மா. நீங்க எழுந்திரிங்க, அந்த நாற்காலியில அவர் உக்காரட்டும்."