யாரை ஏசினார்

கூடைப்பந்து ஆட்டம் முடிய இன்னும் நாற்பது நொடி இருந்தது. அவர் தண்ணீர் கேனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கேன் ஒன்றும் செய்யவில்லை. வெளியே போன பந்தை எதிரணிக்குக் கொடுத்தது அவள். நடுவர் அவள்தான். விசில் அவள் வாயில்தான் இருந்தது.

கண்ணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாயா என்று கேனைக் கேட்டார் பயிற்சியாளர் செல்வின். பிறகு குனிந்து அதன் மூடியை இறுக்கினார்.

அவள் அவருடைய ஷூவைப் பார்த்தாள். பயிற்சியாளர் நிற்க வேண்டிய கோட்டுக்கு உள்ளே, சரியாக ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் குவார்ட்டரில் வானத்திடம் முறையிட்டார். அடுத்ததில் தோளில் கிடந்த துண்டை உதறி, அதற்குப் புத்தி சொன்னார். இடைவேளை முடிந்து வந்ததும் காலி நாற்காலி ஒன்று அகப்பட்டது. உன்னை அடுப்படியில் போட்டிருந்தாலாவது உபயோகப்பட்டிருப்பாய் என்றார்.

நடுவரை அவமதித்துப் பேசினால் டெக்னிகல் ஃபவுல். விதி அப்படித்தான் சொல்கிறது.

நாற்காலியை அவமதித்தால்?

அவளுக்குச் சாடைப் பேச்சு புதிதல்ல. கல்யாணமான வருடத்தில் மாமியார் அவளை ஒரு நாளும் ஏசியதில்லை. கோழியைத்தான் ஏசுவார். அந்தக் கோழி எத்தனை மணிக்கு எழுந்தது, எவ்வளவு தின்றது என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும்.

ஆனால் அங்கே அவளிடம் விசில் இல்லை.

கோபம்கூட வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு மனிதர் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டுகிறார்? காலால் தாண்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. வாயால் தாண்டினால்?

இடைவேளையில் உடன் நின்ற நடுவரிடம் கேட்டிருந்தாள். முதலில் ஓர் எச்சரிக்கை கொடு என்றார் அவர். பிறகு தானே யோசித்து, என்னவென்று எச்சரிப்பாய், துண்டோடு பேசாதீர்கள் என்றா, என்று சிரித்துவிட்டார்.

ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று. ஜெயிக்கிற கல்லூரி மாநிலப் போட்டிக்குப் போகும். இப்போது டெக்னிகல் கொடுத்தால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஒரு புள்ளி போதும்.

ஏச்சு அவருடையது. தோல்வி ஆடுகிற பெண்களுடையதாகிவிடும்.

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

அப்போதுதான் அவர் முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

பதினொன்றாம் எண். அணியின் கேப்டன். நெற்றி வியர்வையை ஜெர்சியில் துடைத்தபடி அந்தப் பெண் ஓடி வந்தாள். வெளியே போன பந்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அப்போது முப்பிடாதி மைதானத்தின் அடுத்த கோடியில் நின்றிருந்தாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலன்னா வீட்லயே கெடக்க வேண்டியதான? ஒன்னய இங்க யாரு வெத்தலபாக்கு வச்சு அழச்சா?"

முகம் முப்பிடாதியைப் பார்த்திருந்தது. குரல் மட்டும் அவளைத் தாண்டி நடுவர்வரை வந்தது. பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

முப்பிடாதி தலையைக் குனிந்தாள்.

கேன் குனியவில்லை. நாற்காலி குனியவில்லை.

விசில் எப்போது வாய்க்குப் போனது என்று நடுவருக்கே தெரியாது. ஊதிவிட்டாள். ஒரு கையை நிமிர்த்தி, மறு கையை அதன்மேல் கூரை மாதிரி கிடத்தினாள். டெக்னிகல்.

செல்வின் பதறவில்லை. கோட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"மேடம், ஒங்கள நான் ஒரு வார்த்த சொல்லலயே. எம் பிள்ளயத்தான ஏசுனேன்."

"அதுக்குத்தான் சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். திட்டுவதற்குத் தோதாக எதுவும் அகப்படவில்லை. இன்னொரு டெக்னிகல் என்றால் மைதானத்தை விட்டே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தார்.

எதிரணிப் பெண் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் பின்னால் விலகிப் போனார்கள். போகிற போக்கில் முப்பிடாதி நடுவர் பக்கத்தில் நின்றாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"அவரு என்னய ஏசல மேடம். ஒங்களத்தான் ஏசுனாரு. எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஒங்களுக்காகத்தான் நான் தலயக் குனிஞ்சேன்."

ஒரு புள்ளியை அநியாயமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களே என்கிற வருத்தம் குரலில் இருந்தது.

பந்து நடுவர் கையில் இருந்தது. கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் அவளுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"பிராக்டிஸுக்கு நாங்க யாரும் வாரதில்லயேம்மா. அங்க யார ஏசுவாரு?"

முப்பிடாதி மணிக்கட்டுப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சரிசெய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பிறகு தன் இடத்துக்கு நடந்துபோய் நின்றாள்.

நடுவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். பந்தைக் கொடுத்தாள்.

மைதானம் முழுக்கக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதி மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.