ஒரு கேன் கடல்

"இந்த வீட்டுல யாருக்கோ மீனைப் பிடிக்கல்ல, சாரே," என்றான் வேலாயுதன், தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டபடி.

கல்லுக்குக் கல் தலைமுடி முளைத்த மாதிரி பச்சைப் பாசி. பத்து நாளைக்கு முன்னால்தான் ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வைத்திருந்தான். பாசி தின்னும் நத்தைகள் ஆறு விட்டிருந்தான். விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது, தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டும் போயிருந்தான்.

நாகேஸ்வரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் தான் ஒருவர்தான் தீனி போடுவதாகவும், விளக்கைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னார்.

"பையன் ஆசையா வெச்ச தொட்டியாக்கும். எப்படியாவது நன்னாக்கித் தரணும்."

பையன் பெயர் சாய் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வெளியூரில் வேலை பார்க்கிறான் போல என்று வேலாயுதன் நினைத்துக்கொண்டான். தொட்டியை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் அவனுக்குப் புதிதில்லை. பழவங்காடியில் வளர்ப்பு மீன் கடை போட்டு இருபது வருஷம் ஆகிறது.

சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டான். இரத்தச் சிவப்பாக மாறியது. தண்ணீரில் அவ்வளவு அழுக்கு, பாசிக்கு அதுதான் உரம். கடல் மீன் தொட்டி என்பதால் போன தடவை வடிகட்டிய தண்ணீரில் அதற்கான பாக்கெட் உப்பைக் கலந்து பாதித் தொட்டியை அவனே மாற்றியிருந்தான். அது பத்து நாளில் இப்படி ஆக வழியே இல்லை. யாரோ எதையோ கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

அவன் சந்தேகம் மாமி மேல் விழுந்தது. நாகேஸ்வரனின் மனைவி சாவித்ரி மாமி ஒரு நாளும் தொட்டிப் பக்கம் வந்ததில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சைவ வீடுகளில் மீன் தொட்டியைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெண்களை அவன் பார்த்திருக்கிறான். சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டம்மா சோப்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டிருந்தாள்.

மாமி அவனிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். பழைய தண்ணீரைச் சாக்கடையில் விடப் போனபோது, கொட்டாதீங்கோ, பின்னாடி டிரம்மில் விடுங்கோ என்றாள். கொல்லையில் மூன்று நீல டிரம்கள் நிறையப் பழைய தொட்டித் தண்ணீர், மூடி போட்டு வரிசையாக இருந்தன. ஆசாரக்காரர்களுக்கு ஆயிரம் கிறுக்கு என்று அவனும் விட்டுவிட்டான்.

இன்றைக்குக் கல்லை நகர்த்தியபோது, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட, தொட்டியிலிருந்த ஒரே மீன் ஜோடியில் பெரியது அதன் பின்னால் செத்துக் கிடந்தது. நாகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமிதான் வந்து அதை ஒரு காகிதத்தில் வாங்கினாள். விரல் படாமல் மடித்து எடுத்துப் போனாள். அருவருப்பு என்று வேலாயுதன் நினைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கரமனையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. மழைக்கு எதிர்வீட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றான்.

அரை மணி நேரத்தில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மாமி ஒரு பத்து லிட்டர் கேனை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பாதமெல்லாம் மணல்.

அவனைப் பார்த்தும் அவள் எதையும் மறைக்கவில்லை. கதவைத் திறந்தாள். தொட்டி மூடியை நகர்த்தி, மிச்சமிருந்த ஒற்றை மீன் மிரளாமல் இருக்க, தன் உள்ளங்கையில் விழ வைத்துத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். கெடுக்க நினைக்கிறவள் இப்படி ஊற்றுவாளா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் அவனுக்குக் கோபம் தாங்கவில்லை.

"மாமி, இது எங்கேருந்து எடுத்தது?"

"சங்குமுகம்."

வேலாயுதன் கொட்டித் தீர்த்தான். ஜூன் மழையில் ஊர் ஓடையெல்லாம் கடலுக்குத்தான் போகிறது, இந்த நேரத்தில் கரையோரத் தண்ணீர் முழுக்க அழுக்கு, பாசிக்கு அவளே கைநிறையச் சோறு போடுகிறாள் என்றான். ஒரு மீன் அதனால்தான் செத்தது, இதுவும் இந்த வாரம் தாங்காது என்றான்.

அவள் கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். வீட்டில் மீன் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாம், கடைக்கே எடுத்துப் போய்விடுகிறேன் என்றான். மாமி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"பின்னே, பாக்கெட் உப்பு வேண்டாம்னா விடுங்க. விழிஞ்ஞத்துல மீன்பிடி போட்டுக்காரன்கிட்ட சொல்லி, நடுக்கடல்லேருந்து தெளிஞ்ச தண்ணியா நான் கொண்டு தாரேன். அதுவும் கடல் தண்ணிதானே?"

"வேண்டாம். சங்குமுகத்து ஜலம்தான் வேணும்."

"அப்படி அந்தத் தண்ணியில என்னதான் இருக்கு, மாமி?"

சாவித்ரி கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடிய விட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"எங்க சாயை அலை இழுத்துண்டு போனது அங்கதான். ஏழு மாசமாச்சு, இன்னும் கிடைக்கலை."

அவள் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கொஞ்சம் கொஞ்சமா ஆத்துக்கு அழைச்சுண்டு வரேன்."